பிரெஞ்சுக் குடியுரிமை கையில் இருந்தும் எதிர்ப்பக்கம் போன யூதர்கள்

வேப்பமரத்தடி

போன வாரம் அல்ஜீரியப் போர் (பிரான்சிடமிருந்து விடுதலை பெற அல்ஜீரியர்கள் 1954 முதல் 1962 வரை நடத்தியது) பற்றிய இழையில் ஒருவர் "யூதர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரன் பக்கம்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போனார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, சிக்கலே அதுதான்.

1870 அக்டோபர் 24. பிரான்ஸ் பிரஷ்யாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தக் களேபரத்துக்கு நடுவில் நீதி அமைச்சர் அடோல்ஃப் கிரெமியோ (அவரும் யூதர்தான்) ஓர் ஆணையில் கையெழுத்துப் போடுகிறார். அல்ஜீரியாவில் இருந்த ஏறக்குறைய 35,000 யூதர்கள் அன்றிலிருந்து பிரெஞ்சுக் குடிமக்கள். இத்தனைக்கும் ஐந்து வருடம் முன்னால், 1865இல், வேண்டுபவர்கள் தனித்தனியாக விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கலாம் என்று ஒரு சட்டம் வந்தபோது மிகச் சிலரே விண்ணப்பித்தார்கள், ஏனென்றால் திருமணம், சொத்துப் பங்கீடு எல்லாவற்றிலும் மதச் சட்டத்தை விட்டுவிட வேண்டியிருந்தது. 1870இல் யாரையும் கேட்கவில்லை. மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு முஸ்லிமுக்கு என்ன கிடைத்தது? 1881இல் 'பூர்வகுடிச் சட்டம்' வந்தது. அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போனால் தண்டனை, அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினால் தண்டனை. அதுவரை இரண்டு வீட்டுக்காரர்களும் பேசியது ஒரே அரபு, போனது ஒரே சந்தை, திருமணத்துக்குக் கூப்பிட்டதும் ஒரே பாட்டுக்காரரை. ஒரு கையெழுத்தில் ஒருவன் ஒரு படி மேலே, இன்னொருவன் அங்கேயே.

இது யூதர்கள் மேல் வந்த பாசம் என்று யாராவது நினைத்தால், தெற்கே பாலைவனத்து மசாப் பகுதிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியைப் பிரான்ஸ் 1882இல்தான் இணைத்துக்கொண்டது. ஆணையின் தேதிக்குப் பிறகு வந்த இடம் என்பதால் கர்தாயா ஊர் யூதர்களுக்கு அது செல்லாது என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்குக் குடியுரிமை வந்தது 1961இல், பிரான்ஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது!

அப்புறம் 1940 அக்டோபர் 7. ஹிட்லரிடம் தோற்றபின் பிரான்சை ஆண்ட விஷி அரசு அந்த 1870 ஆணையை ரத்து செய்தது. எழுபது வருடமாகப் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் மறுபடி பூர்வகுடிகள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள், பின்னாளில் பெரிய தத்துவவாதியான ஜாக் தெரிதாவும் அப்படி அனுப்பப்பட்ட பையன்தான். 1942 நவம்பரில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வந்து இறங்கிய பிறகும் கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தடித்து, 1943 அக்டோபரில்தான் உரிமை திரும்பி வந்தது. இதில் மெஸ்ஸாலி ஹாஜ் போன்ற அல்ஜீரியத் தேசியத் தலைவர்கள், யூதர்களிடமிருந்து பறித்ததால் முஸ்லிம்களுக்கு எதுவும் கூடிவிடவில்லை என்று அன்றே சொன்னதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்தப் பின்னணியில்தான் டேனியல் திம்சித் போன்றவர்களைப் பார்க்க வேண்டும். அல்ஜியர்ஸில் பிறந்தவர், மருத்துவ மாணவர். பிரான்சை எதிர்த்து ஆயுதமேந்திய அல்ஜீரிய விடுதலை முன்னணிக்கு வெடிமருந்து தயாரித்துக் கொடுத்து, 1956இல் பிடிபட்டு, சுதந்திரம் வரும்வரை சிறையில் இருந்தார். நான் வெளியிலிருந்து உதவ வந்தவன் இல்லை, நானும் அல்ஜீரியன் என்பதுதான் அவர் நிலை. எனக்கு இங்கே உறைப்பது அதுதான். இவர்களை 'பரந்த மனதுக்காரர்கள்' என்று பாராட்டுவது, அவர்கள் எதை மறுத்தார்களோ அதையே திரும்ப அவர்கள் தலையில் வைப்பது மாதிரி.

சுங்கச்சாவடி

நல்ல கட்டுரை. ஆனால் கணக்கு எங்கே? 1962இல் அல்ஜீரியாவிலிருந்து ஏறக்குறைய 1,30,000 யூதர்கள் கப்பல் ஏறினார்கள், பெரும்பாலோர் போனது பிரான்சுக்கு. ஒரு பக்கம் லட்சம் பேர், இன்னொரு பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்யூனிஸ்டுகள். "சமூகத்துக்குள் இருந்த காலனிய எதிர்ப்புச் சிந்தனை" என்று இதற்குப் பெயர் வைத்தால் நாளைக்கு எந்தச் சமூகத்துக்கும் அப்படி ஒரு இழை திறக்கலாம்.

வேப்பமரத்தடி

கணக்கு நியாயம்தான். 1956 அக்டோபரில் விடுதலை முன்னணியே யூத சமூகத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது, எங்களோடு வாருங்கள், நீங்களும் இந்த மண்ணின் மக்கள் என்று. சமூகத்தின் பிரதிநிதிக் குழு என்ன பதில் சொன்னது? நாங்கள் அரசியல் அமைப்பு இல்லை, அவரவர் முடிவு அவரவருக்கு. நடுவில் மாட்டியவன் வேறு என்ன சொல்வான்? பிரெஞ்சு அரசும் கேட்கிறது, மறுபக்கம் கலகக்காரரும் கேட்கிறார்கள், இரண்டு பேரிடமும் துப்பாக்கி.

ஆனால் ஒன்று கவனியுங்கள். காலனிய அரசு ஒரு சிறுபான்மையை ஒரு படி ஏற்றிவிடுவதே இதற்காகத்தான், அந்த லட்சம் பேரும் அசையாமல் இருக்க வேண்டும் என்று. அவர்கள் அசையவில்லை என்பது ஏற்பாடு வேலை செய்தது என்பதைக் காட்டுகிறது. வேலை செய்யாமல் போன இடங்களைப் பற்றித்தான் இந்த இழை.

எறும்புத்தின்னி

ஒரு சின்னக் கேள்வி, தெரியாமல் கேட்கிறேன். இவர்கள் எல்லோரும் சியோனிய எதிர்ப்பாளர்களா, அதாவது பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தனி நாடு வேண்டாம் என்றவர்களா? காலனிய எதிர்ப்பும் அதுவும் ஒன்றா?

நூலகப்பூனை

இரண்டும் ஒன்று இல்லை, இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம் ஊருக்குத் தெரிந்த ஒரு பெயர் போதும்: எட்வின் மாண்டேகு. மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே அவரேதான். 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்து நீதிக்கட்சிக்காரர்களிடமும் மனு வாங்கியவர். அதே 1917இல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு தருவதாகப் பிரிட்டன் அறிவித்த பால்ஃபர் பிரகடனத்தைப் பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள்ளேயே கடுமையாக எதிர்த்தவரும் இவர்தான், அன்றைக்கு அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். ஆனால் ஏன் எதிர்த்தார்? யூதர்களுக்குத் தனி நாடு என்று ஒன்று வந்துவிட்டால், இங்கிலாந்தில் இருக்கும் தன்னைப் பார்த்து "உன் நாட்டுக்குப் போ" என்று சொல்வார்களே என்ற கவலை. பாலஸ்தீனத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதையும் கேட்டார், அதை மறைக்க வேண்டாம். அதற்காக இந்தியாவை ஆளும் அமைச்சரைக் காலனிய எதிர்ப்பாளர் என்று சொல்ல முடியுமா? சியோனிய எதிர்ப்பாளர், பேரரசின் தூண். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

மறுபக்கம் புந்த் கட்சி. 1897 அக்டோபரில் வில்னா நகரில் ரகசியமாகக் கூடி ஆரம்பித்த யூதத் தொழிலாளர் கட்சி. அதே வருடம் ஆகஸ்டில்தான் பாசெல் நகரில் முதல் சியோனிய மாநாடு நடந்தது என்பதை மனதில் வையுங்கள், இரண்டும் இரண்டு மாத இடைவெளியில் பிறந்த எதிரிகள். புந்த்காரர்கள் தங்கள் கொள்கைக்கு யித்திஷ் மொழியில் 'தோயிகைட்' என்று பெயர் வைத்தார்கள். 'இங்கே' என்ற சொல்லோடு ஒரு விகுதி சேர்த்து ஆக்கிய சொல், தமிழில் 'இங்கிருப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். நாங்கள் வாழும் இடமே எங்கள் நாடு, உரிமையை இங்கேயே போராடி வாங்குவோம், வேறொருவர் நிலத்தில் போய் வாங்க மாட்டோம். சுங்கச்சாவடி கணக்கு கேட்டார் இல்லையா, 1938 டிசம்பரில் வார்சா நகரசபைத் தேர்தலில் யூதர்கள் வென்ற 20 இடங்களில் 17 புந்த்துக்கு. இதை விரல்விட்டு எண்ணும் கூட்டம் என்று சொல்ல முடியாது. அடுத்த ஐந்து வருடத்தில் அந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை என்பது வேறு கதை.

சுங்கச்சாவடி

புந்த் எதிர்த்தது ஜாரையும் முதலாளியையும். காலனியை எங்கே எதிர்த்தார்கள்?

நூலகப்பூனை

ஜாரின் ரஷ்யாவே ஒரு பேரரசு, அதற்குள் யூதர்கள் எந்த மாகாணங்களில் குடியிருக்கலாம் என்றுகூட வரம்பு கட்டியிருந்தார்கள். ஆனால் நீங்கள் கேட்பது கடல் தாண்டிய காலனி என்றால், ரோசா லக்சம்பர்க். போலந்தின் ஸமோஷ்ச் ஊரில் பிறந்த யூதப் பெண், புந்த்தோடு ஒத்துப்போகாதவர். காலனிகள் இல்லாமல் மூலதனம் வளர முடியாது என்று 1913லேயே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 1917 பிப்ரவரியில் சிறையிலிருந்து தோழிக்கு எழுதிய கடிதத்தில், யூதர்களின் துயரத்துக்கென்று என் இதயத்தில் தனி மூலை கிடையாது, தென்னமெரிக்காவின் புட்டுமாயோ ரப்பர்த் தோட்டத்தில் சாகிறவர்களும் ஆப்பிரிக்கக் கறுப்பர்களும் எனக்கு அதே அளவு நெருக்கம் என்கிற பொருளில் சொல்கிறார். இதைப் படித்துவிட்டுப் பலர் அவரை 'தன் இனத்தை மறந்தவள்' என்று திட்டுகிறார்கள். எனக்கு அது மறதியாகத் தெரியவில்லை, ஆனாலும் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஒரு சின்ன மூலையாவது வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றும்.

டர்பன்காரன்

நான் வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன். இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் நாட்டில் இந்த விஷயம் இரண்டு தலைமுறைக் கதை, முதல் தலைமுறையில் தமிழர்கள் நேரடியாக இருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க யூதர்களில் பெரும்பாலோர் லித்துவேனியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வந்து இறங்கியதும் அவர்களுக்கு 'வெள்ளையர்' என்ற முத்திரை கிடைத்தது. ஊரில் அடி வாங்கியவன் இங்கே மேல்சாதி. அல்ஜீரியாவில் ஆணை செய்ததை இங்கே தோல் செய்தது.

காந்தியைச் சுற்றி இருந்த வெள்ளையர்களில் மூன்று பேர் முக்கியம், மூவரும் யூதர்கள். கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், பத்திரிகையாளர் ஹென்றி போலாக், காரியதரிசி சோன்யா ஷ்லேசின். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர்தான் டால்ஸ்டாய் பண்ணை. சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கேதான் இருந்தன, அதில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1913 நவம்பர் பேரணியில் காந்தி, போலாக், காலன்பாக் மூவரையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். வெளியே அலுவலகத்தைத் தாங்கிப் பிடித்தது இருபதுகளில் இருந்த சோன்யா. தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி நாம் பேசுகிறோம், பேச வேண்டும், ஆனால் அந்த இயக்கத்தின் கணக்கையும் கடிதத்தையும் பார்த்த இந்தப் பெண்ணின் பெயர் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியாது.

அடுத்த தலைமுறை இன்னும் தீவிரம். நிறவெறி அரசு தன் எதிர்ப்பாளர்கள் மேல் போட்ட 1956 தேசத்துரோக வழக்கில் 156 பேர், அதில் வெள்ளையர் 23, அவர்களில் பாதிக்கும் மேல் யூதர்கள். 1963 ஜூலை 11 அன்று ரிவோனியாவில், மண்டேலாவின் இயக்கத்தார் மறைவிடமாக வைத்திருந்த லிலிஸ்லீஃப் பண்ணையில் நடந்த சோதனையில் டெனிஸ் கோல்ட்பர்க், ரஸ்டி பெர்ன்ஸ்டைன், ஆர்தர் கோல்ட்ரைச் என்று வரிசையாகப் பிடிபட்டார்கள். கோல்ட்பர்க் 22 வருடம் சிறையில் இருந்தார், அதுவும் மண்டேலாவோடு ராபன் தீவில் இல்லை, வெள்ளையர்களுக்கான பிரிட்டோரியா சிறையில் தனியாக. சிறையிலும் நிறப் பிரிவினை! கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ லித்துவேனியாவின் ஒபெலியாய் கிராமத்தில் பிறந்து எட்டு வயது வாக்கில் இங்கே வந்தவர். அவர் மனைவி ரூத் ஃபர்ஸ்ட் 1982 ஆகஸ்ட் 17 அன்று மபூட்டோவில் பல்கலைக்கழக அறையில் தபாலைப் பிரித்தார். உள்ளே குண்டு.

எறும்புத்தின்னி

அந்தப் பண்ணையில் பிடிபட்டவர்கள் மேலும் மண்டேலா மேலும் நடந்த ரிவோனியா வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் யூதர் என்று எங்கோ படித்தேனே?

டர்பன்காரன்

ஆமாம், பெர்சி யூட்டார். கூண்டில் யூதர், எதிர்த்து வாதாடுகிறவர் யூதர், கூண்டில் இருப்பவர்களுக்காக வாதாடிய ஜோயல் ஜோஃப், ஆர்தர் சாஸ்கல்சன் அவர்களும் யூதர்கள். சமூகத்தின் அதிகாரபூர்வ அமைப்பு இதில் எதிலும் வாயைத் திறக்காமல், 'அரசியல் எங்கள் வேலை இல்லை' என்றே பல வருடம் ஓட்டியது. நிறவெறியை வெளிப்படையாகக் கண்டித்துத் தீர்மானம் போட்டது 1985இல். ரூத் ஃபர்ஸ்ட் செத்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

சுங்கச்சாவடி

காலன்பாக்கைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுங்கள். பின்னாளில் சியோனியவாதியாகி, 1945இல் இறந்ததும் அஸ்தி போனது பாலஸ்தீனத்தில் தெகானியா கிபுட்சுக்கு (யூதர்களின் கூட்டுப் பண்ணை). கோல்ட்ரைச் 1948இல் இஸ்ரேலுக்காகப் போரிட்டவர், ஜோகன்னஸ்பர்க் காவல் நிலையத்திலிருந்து தப்பித்த பிறகு போய்க் குடியேறியதும் இஸ்ரேலில். பாதியை மட்டும் சொன்னால் புராணம் ஆகிவிடும்.

டர்பன்காரன்

சொல்லாமல் விட்டது என் தவறு. கோல்ட்ரைச் கடைசிக் காலத்தில் இஸ்ரேல் ஆக்கிரமிப்பையும் நிறவெறி ஆட்சியையும் ஒப்பிட்டுப் பேசினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உங்கள் பாதியும் முழுதாகும் 🙂

நாவாந்துறை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. லெனார்ட் வூல்ஃப் எங்கள் கச்சேரியில் (அரசாங்க அலுவலகம்) வேலை பார்த்தவர், 1905 தொடக்கத்திலிருந்து இரண்டரை வருடம் அளவில். லண்டன் யூதக் குடும்பம். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை என்று போய், 1912இல் வேலையை உதறிவிட்டார். அதற்குப் பிறகு தொழிற்கட்சிக்குள் இருந்து பேரரசை எதிர்த்து எழுதுவதே அவர் வேலையாயிற்று, ஆப்பிரிக்காவில் ஐரோப்பிய நாடுகள் செய்த கொள்ளை பற்றி 1920இல் பெரிய ஆய்வு ஒன்று எழுதினார். இங்கே இருந்தபோது ஊர்ச் சனம் அவரைக் கடுமையான துரையாகத்தான் பார்த்தது, அதையும் சொல்லவேணும். ஆளுகிற நாற்காலியில் இருந்து பார்த்துத் திருந்தியவர் அவர், நீங்கள் பேசுகிற திம்சித் ஆட்களோடு அவரைச் சேர்க்கலாமா தெரியவில்லை.

வேப்பமரத்தடி

சேர்க்க முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன் அண்ணை, ஆனால் குறிப்புக்கு நன்றி, எனக்கு இது தெரியாது. வூல்ஃபுக்குத் திரும்பிப் போக லண்டன் இருந்தது. நான் பேசுவது திரும்பிப் போக இடம் இல்லாதவர்கள், அல்லது இருந்தும் வேண்டாம் என்றவர்கள்.

எகிப்தைப் பாருங்கள். யாக்கூப் சனூ என்று ஒருவர், கெய்ரோவில் 1839இல் பிறந்த யூதர், தெரு அரபியில் கேலிப் பத்திரிகை நடத்தினார், 'நீலக் கண்ணாடிக்காரர்' என்பது பத்திரிகைப் பெயர். எகிப்து எகிப்தியருக்கே என்ற முழக்கத்தைப் பரப்பியதில் அந்தப் பத்திரிகைக்குப் பங்கு உண்டு. 1878இல் ஆட்சியாளர் அவரை நாட்டைவிட்டுத் துரத்தினார். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டிஷ் படை 1882இல் எகிப்தைப் பிடித்த பிறகும் அச்சடித்துக் கள்ளத்தனமாக ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அறுபது எழுபது வருடம் கழித்து அதே கெய்ரோவில் ஆன்ரி குரியேல். அப்பா பார்வையில்லாத வங்கிக்காரர், ஸமாலெக் தீவில் மாளிகை, வீட்டில் பேசுவது பிரெஞ்சு, கடவுச்சீட்டு இத்தாலி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் எகிப்திய நீதிமன்றம் உன்னைத் தொடக்கூட முடியாத காலம் அது. இந்த மனிதர் வயது வந்ததும் அந்தச் சலுகையை விட்டுவிட்டு எகிப்தியக் குடியுரிமையைக் கேட்டு வாங்கினார். அவருக்கு அரபு ஒழுங்காகப் பேச வராது, கடைசிவரை வரவில்லை, அதை வைத்து அவரைக் கேலி செய்யாதவர் இல்லை. 1943இல் எகிப்தியத் தேசிய விடுதலை இயக்கம் என்று ஒரு கம்யூனிஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். சூடான் எகிப்துக்குச் சொந்தம் என்று எகிப்தியத் தேசியவாதிகளே கத்திக்கொண்டிருந்தபோது, சூடானியர்களுக்குத் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை உண்டு என்று சொன்னவர்கள் அவருடைய ஆட்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். பிரிட்டிஷ்காரனை எதிர்ப்பது அன்று எல்லோரும் செய்ததுதான், தன் நாட்டின் சின்னப் பேரரசு ஆசையையும் சேர்த்து எதிர்த்தவர்கள் எத்தனை பேர்?

1950 ஆகஸ்டில் அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், எகிப்தியர் என்று அவர் நினைத்தால் போதுமா. பாரிஸ் போனார், அல்ஜீரிய விடுதலை முன்னணிக்குப் பணம் கடத்தும் வலையமைப்பை எடுத்து நடத்தினார், 1960இல் கைதாகிப் போர் முடியும்வரை சிறையில் இருந்தார். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து லத்தீன் அமெரிக்காவரை விடுதலை இயக்கங்களுக்கு ஆள் பயிற்சி, கள்ளப் பத்திரம் என்று உதவி. 1976இல் இஸ்ரேலியத் தளபதியாக இருந்த மத்தி பெலேடையும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் இஸ்ஸாம் சர்தாவியையும் பாரிஸில் சந்திக்க வைத்தார். 1978 மே 4, வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது சுட்டுக் கொன்றார்கள். யார் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. ஸமாலெக் மாளிகை இன்று அல்ஜீரியத் தூதரகம்.

நூலகப்பூனை

குரியேலைச் சொன்னால் அடோல்ஃபோ கமின்ஸ்கியை விடலாமா! புவெனஸ் அயர்ஸில் பிறந்து பிரான்சில் வளர்ந்த யூதர். பையனாகச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தபோது கறை எடுப்பதைக் கற்றுக்கொண்டார். அழியாது என்று பெயர் வாங்கிய நீல மையை லாக்டிக் அமிலம் அழிக்கும் என்பது அவருக்குப் பால்பண்ணை அனுபவத்தில் தெரியும். இந்த ஒரு அறிவை வைத்துக்கொண்டு பதினெட்டு வயதில் பாரிஸில் யூதப் பிள்ளைகளுக்குப் போலி அடையாள அட்டை செய்தார். ஒரு மணி நேரத்துக்கு முப்பது அட்டை, ஒரு மணி நேரம் தூங்கினால் முப்பது பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுத் தூங்காமல் கிடந்தவர்.

போர் முடிந்த பிறகு பலர் அந்த வேலையை விட்டார்கள், இவர் விடவில்லை. அல்ஜீரியர்களுக்குச் செய்தார். பிரெஞ்சுப் பொருளாதாரத்தைக் குலைக்கக் கள்ளநோட்டாக நூறு பிராங்க் அடிக்க ஆரம்பித்து ஒரு கன மீட்டர் அளவுக்கு அடுக்கி வைத்திருந்தபோது 1962இல் போர் நிறுத்தம் வந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டார். ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியிருக்கும்.

சுங்கச்சாவடி

சரி, இப்போது என் முறை. இந்த ஆட்கள் நல்லவர்கள், தைரியசாலிகள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பந்தயம் கட்டிய குதிரை என்ன செய்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

ரேமோன் லெய்ரிஸ். கான்ஸ்டன்டைன் ஊர்க்காரர், யூதர், அந்த ஊரின் அந்தலூசிய இசையான மலூஃபில் மிகப் பெரிய மேதை. முஸ்லிம்களே அவரை 'ஷேக் ரேமோன்' என்று அழைத்தார்கள். அரபியில் பாடியவர், எந்தக் கட்சியிலும் இல்லாதவர். நீங்கள் மேலே எழுதிய "ஒரே பாட்டுக்காரர்" இவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1961 ஜூன் 22, சந்தையில் மகளோடு போகும்போது கழுத்தில் சுட்டார்கள். ஒரு வருடத்துக்குள் அந்த ஊரின் யூதர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போய்விட்டார்கள்.

1963 குடியுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அப்பாவும் தாத்தாவும் அல்ஜீரியாவில் முஸ்லிம் சட்டத்தின் கீழ் பிறந்திருந்தால் பிறவிக் குடிமகன். மற்றவன், போராளியாகவே இருந்தாலும், விண்ணப்பிக்க வேண்டும். 1870இல் கேட்காமலே கொடுத்தான் பிரெஞ்சுக்காரன், 1963இல் சிறைக்குப் போனவனையும் கேட்டு வாங்கச் சொன்னார்கள்.

பாக்தாதில் 1945இல் யூத இளைஞர்கள் சேர்ந்து சியோனிய எதிர்ப்புக் கழகம் என்றே ஒன்று ஆரம்பித்தார்கள், பிரிட்டிஷ் ஒப்பந்தத்துக்கும் சியோனியத்துக்கும் சேர்த்து எதிர்ப்பு. 1946இல் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டது, ஷாவுல் த்வைக் என்ற யூதப் பையன் செத்தான், கழகத்தைத் தடை செய்தார்கள். 1949இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஃபஹ்தைத் தூக்கில் போட்டபோது கூடவே யெஹூதா சித்தீக் என்ற யூதரையும் போட்டார்கள். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 1,20,000 ஈராக் யூதர்கள் குடியுரிமையைத் துறந்து விமானம் ஏறினார்கள். சியோனியத்தை எதிர்த்தவன் வீட்டுக்காரர்களும் அதில்தான்.

துனிசிய யூத எழுத்தாளர் ஆல்பர்ட் மெம்மி, ஆள்பவன் மனதையும் ஆளப்படுபவன் மனதையும் 1957லேயே பிரித்துக் காட்டியவர், காலனிய எதிர்ப்புக்காரர்கள் எல்லோராலும் படிக்கப்பட்டவர், அவரே பின்னாளில் என்ன சொன்னார்? அரபு யூதர்களாக இருக்க நாங்கள் விரும்பினோம், விடவில்லை என்றார். துனிசியா சுதந்திரம் வாங்கிய 1956லேயே அவர் பாரிஸ் போய்விட்டார்.

வேப்பமரத்தடி

ஷேக் ரேமோன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. யார் சுட்டது, யார் உத்தரவு என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது, ஆனால் பதில் இல்லை என்று நான் சொல்வது அதனால் மட்டும் இல்லை.

மற்றவற்றுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் 'பந்தயம்' என்று சொல்கிறீர்கள். பந்தயம் கட்டுகிறவன் ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பான். இவர்களில் பலர் ஜெயிக்கிற பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள். எழுந்து வந்ததுதான் விஷயம். எழுந்து வந்தவனுக்குப் பிறகு இடம் கொடுக்காதது புதிய நாடுகளின் குற்றம், அதை நான் மூடி மறைக்கவில்லை. அதற்காக எழுந்து வந்ததே முட்டாள்தனம் ஆகிவிடுமா?

மலபார்மிளகு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், கொச்சியின் ஏ.பி. சேலம் பெயர் இன்னும் வரவில்லையே. 1882இல் பிறந்த வழக்கறிஞர், நம் சென்னையில் படித்தவர். 'யூத காந்தி' என்று பட்டம். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். ஆனால் அவருடைய சண்டை முதலில் வீட்டுக்குள்தான் நடந்தது. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் அவருடைய பிரிவினரை அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி உள்ளே உட்கார விடமாட்டார்கள், வெளி அறையில்தான் இடம். காந்தியிடம் கற்ற சத்தியாக்கிரகத்தை ஜெபாலயத்துக்குள்ளேயே செய்து காட்டினார். யூதர்களுக்குள்ளும் நம் ஊர் சாதி எப்படிப் புகுந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சுங்கச்சாவடி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: அவரும் 1933இல் பாலஸ்தீனம் போய் வந்து சியோனியத்தை ஆதரித்தார், 1950களில் கொச்சி யூதர்கள் இஸ்ரேல் போக ஏற்பாடுகளும் செய்து கொடுத்தார். ஆனால் தான் மட்டும் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே இறந்தார். யூதத் தெருவுக்கு இன்று அவர் பெயர்.

சுங்கச்சாவடி

:) முந்திக்கொண்டீர்கள். ஊரை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கியவர், இவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வேப்பமரத்தடிக்கு: முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. கடைசிவரை நின்று, அந்த மண்ணிலேயே, அந்த மக்களால் ஏற்கப்பட்டு வாழ்ந்த ஒருவரைக் காட்டுங்கள், போதும். அரபு நாடுகளில்.

வேப்பமரத்தடி

அப்ரஹாம் செர்ஃபாத்தி. காசாபிளாங்காவில் 1926இல் பிறந்தவர், பாரிஸில் படித்த சுரங்கப் பொறியாளர். மொராக்கோ விடுதலைக்காகப் போராடியதற்குப் பிரெஞ்சு ஆட்சி அவரைப் பிரான்சுக்கு நாடு கடத்தி வைத்தது, சுதந்திரம் வந்த 1956இல் திரும்பினார். பாஸ்பேட் நிறுவனத்தில் பெரிய பதவி. 1968இல் குரிப்கா சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலை போயிற்று. அப்புறம் மன்னர் இரண்டாம் ஹசனின் ஆட்சியை எதிர்த்துத் தலைமறைவு இயக்கம். 1974இல் பிடித்து, வாழ்நாள் தண்டனை கொடுத்து, 17 வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். மேற்கு சஹாரா மக்களின் உரிமையைப் பேசியதும் அவர் மேல் இருந்த கோபத்துக்குக் காரணம். குரியேலுக்குச் சூடான் போல இவருக்கு சஹாரா.

1991இல் வெளியே விட்டபோது அரசு என்ன சொன்னது தெரியுமா? நீ மொராக்கோக்காரனே இல்லை, உன் அப்பா பிரேசிலில் இருந்தவர், அதனால் நீ பிரேசில்காரன் என்று சொல்லி விமானம் ஏற்றியது! மன்னர் செத்து மகன் வந்த பிறகு 1999இல் குடியுரிமையோடு திரும்பி வந்தார். தன்னை அரபு யூதர் என்றுதான் கடைசிவரை சொன்னார், மெம்மி விட்டுவிட்ட அதே சொல். 2010இல் இறந்தார், காசாபிளாங்கா யூதர் கல்லறையில் இருக்கிறார்.

சுங்கச்சாவடி

சரி. ஒன்று. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வேப்பமரத்தடி

இரண்டு. எவ்லின் செர்ஃபாத்தி, அவருடைய சகோதரி. 1972இல் அப்ரஹாம் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று கேட்டு போலீஸ் அவரைச் சித்திரவதை செய்தது. சொல்லவில்லை. அந்தக் காயங்களோடு 1974இல் இறந்தார்.